கப்ஸ் கோயில் சுவரில் முட்டை வெண்கரு

புதுச்சேரி துய்மா வீதியில் உள்ள வானதூதர்களின் அன்னை ஆலயத்தை ஊரார் 'கப்ஸ் கோயில்' என்பார்கள். கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதால் வந்த பெயர். சேசு சபையாரின் 'சேன் போல்' கோயில் நம் வாயில் சம்பா கோயில் ஆனது போலத்தான்.

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் கோட்டையையும் கோயில்களையும் இடித்துத் தள்ளினார்கள். கப்புச்சின்களின் பழைய கோயிலும் அதில் போயிற்று. இப்போது நிற்பது, லூயி கெர் என்ற பொறியாளர் 1851இல் தொடங்கி 1855இல் முடித்த கட்டடம். மூன்றாம் நெப்போலியன் கொடுத்த மாதா ஓவியம் இன்றும் உள்ளே இருக்கிறது.

என்னை இழுப்பது ஓவியத்தைவிட அந்தச் சுவர்தான். தொட்டால் பளிங்கு போல வழுக்கும். மேல்பூச்சு, நயமான சுண்ணாம்பில் முட்டை வெண்கரு கலந்தது. செட்டிநாட்டு வீடுகளிலும் இதே கைவேலையைப் பார்க்கலாம். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைப்பார்கள். அடிப்பூச்சுக்குக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

இப்படிப்பட்ட சுவரைப் பழுதுபார்க்கையில் சிமென்ட் பூசுவதுதான் பெருந்தவறு. கடலோரச் சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய உப்பு படிகமாகி, செங்கல்லையே பொடியாக்குகிறது. பிளாஸ்டிக் கலந்த பெயின்ட்டும் அதே கேட்டைத்தான் செய்யும்.

மரத்துக்கும் ஆபத்து ஈரத்தில்தான். இந்த ஊர்ப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தில், மரக்கட்டைகள்மேல் அச்சுக்கல் என்ற சிறு செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். கட்டை முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனையில். வெளியே பார்த்தால் தெரியாது. 2014 நவம்பர் 29 அன்று, கடற்கரைச் சாலையில் 1870களின் மேரி (நகராட்சி) கட்டடம் கனமழையில் இடிந்து விழுந்ததை ஊர் மறக்கவில்லை. 2021இல் அது பழைய முகத்தோடு மீண்டும் எழுந்தது. ஆனாலும் முதலில் நின்ற சுவர் போனது போனதுதான்.

அதனால் புதுப்பிக்க வருகிறவர்கள் சாரம் கட்டுமுன் பழைய பூச்சில் ஒரு துண்டைப் பெயர்த்தெடுப்பார்கள். அதை எடைபோட்டு, நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் மட்டும் அடியில் தங்கும். அந்த மணலைக் கழுவிக் காயவைத்து எடைபோட்டால், அன்றைய கொத்தனார் எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு கலந்தார் என்று தெரிந்துவிடும்.