புதுப்பிக்கப்பட்ட பழைய சிறிய கார் விற்பனைக்கு: வாங்கும் முன் பார்க்க வேண்டியது வண்ணமா, எண்ணா?

கொல்கத்தா: பழைய சிறிய கார் ஒன்று புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வரும்போது, வாங்க வருபவரின் கண் முதலில் செல்வது வண்ணப்பூச்சின் மீதுதான். ஆனால், அந்தக் கார் நாளை சாலையில் ஓடுமா, வாசலில் காட்சிப் பொருளாக நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது வண்ணம் அல்ல. உலோகத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணும், அதே எண்ணைத் தாங்கிய பதிவுச் சான்றிதழும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

தெற்கு கொல்கத்தாவின் கரியாஹாட், புடவைக் கடைகளுக்கும் மீன் சந்தைக்கும் பெயர் பெற்ற பகுதி. அதை ஒட்டிய பாலிகஞ்ச் வட்டாரத்தில் பழைய தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவருகின்றன. வீடு இடிபடும்போது அதன் கார் கொட்டகையும் போய்விடுகிறது. தாத்தா காலத்துக் காரை வைத்துக் கொள்ள இடமில்லாத குடும்பங்களுக்கு அதை விற்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. விற்பவருக்கு அது நினைவு. வாங்குபவருக்கோ சேமிப்பைப் போட்டு வாங்கும் பொருள். இருவருமே விதிகளை அறிந்திருப்பது அவசியம்.

வங்கத்தில் பிறந்த 'பேபி', சென்னையில் பிறந்த 'ஹெரால்டு'

இந்தியாவின் பழைய சிறிய கார்களில் ஒன்று கொல்கத்தாவுக்கு அருகிலேயே உருவானது. ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் இயங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, 1950களின் தொடக்கத்தில் 'பேபி இந்துஸ்தான்' என்ற காரைத் தயாரித்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948-ல் பிரிட்டனில் அறிமுகமான மோரிஸ் மைனரே அதன் மூலம். பிற்காலத்தில் அம்பாசிடர் கார்களால் புகழ்பெற்ற அந்த ஆலை, 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலையின் பெயரைத் தாங்கிய ஹிந்த்மோட்டார் ரயில் நிலையம் இன்றும் உள்ளது.

தமிழக வாசகர்களுக்கு நெருக்கமான மற்றொரு சிறிய கார், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி உருவாக்கிய டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும் அதன் பானெட்டை மறந்தவர்கள் குறைவு. அதைத் தொடர்ந்து 1972-ல் ஸ்டாண்டர்டு கெசல் வந்தது.

சட்டப்படி 'வின்டேஜ்' எது?

விற்பனை விளம்பரங்களில் 'வின்டேஜ்', 'கிளாசிக்' ஆகிய சொற்கள் தாராளமாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட மோட்டார் வாகன விதித் திருத்தம், வின்டேஜ் வாகனத்துக்குத் திட்டவட்டமான வரையறையை அளித்துள்ளது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடு இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கே அந்தத் தகுதி உண்டு.

இதன்படி, 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் மாருதி 800 கூட 2033-க்கு முன் வின்டேஜ் ஆக முடியாது. அம்பாசிடர்களிலும் பழையவற்றுக்கு மட்டுமே அந்தத் தகுதி கிடைக்கும். தோற்றத்தில் பழமை இருந்தால் போதாது. ஆண்டுக் கணக்கு முக்கியம்.

புதுப்பித்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு

அதே வரையறையில் இரண்டாவது நிபந்தனை ஒன்றும் உள்ளது. வாகனம் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய அளவிலான சீரமைப்புக்கு உட்பட்டிருக்கக் கூடாது. புதுப்பிக்கப்பட்ட கார்களை வாங்குவோர் இங்குதான் கவனமாக இருக்க வேண்டும்.

துருவை நீக்குவதும், அசல் வண்ணத்தைப் பூசுவதும், இருக்கை உறைகளை மாற்றுவதும் பராமரிப்பு. உதிரிபாகம் கிடைக்காததால் அசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொரு காரின் இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ பொருத்துவது மாற்றம். அத்தகைய கார் நன்றாக ஓடக்கூடும். ஆனால் அந்த மாற்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு பதிவுச் சான்றிதழில் ஏற்றப்படாவிட்டால், சாதாரணப் பதிவைத் தொடர்வதிலேயே சிக்கல் எழும். வின்டேஜ் தகுதியும் கைநழுவிப் போகலாம்.

சந்தைக்கு ஓட்டிச் செல்லலாமா?

வின்டேஜ் பதிவுக்கான விண்ணப்பம் படிவம் 20-ல் அளிக்கப்பட வேண்டும். மாநில அரசு அமைக்கும் குழு வாகனத்தை நேரில் ஆய்வு செய்து தகுதியை முடிவு செய்யும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார்கள் தங்கள் பழைய பதிவு எண்ணையே வைத்துக் கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கு, மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும்.

இந்தப் பதிவுக்கு ஒரு விலை உண்டு. வின்டேஜ் வாகனத்தை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய கார்களின் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே வெளியே எடுக்கலாம். ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் நடத்தும் பழைய கார் பேரணியில் பங்கேற்கலாம். ஆனால் தினமும் கரியாஹாட் சந்தைக்கு மீன் வாங்க அதில் செல்ல இயலாது.

அன்றாடம் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே தொடர வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகள் குறைந்ததற்குக் காரணமான 15 ஆண்டு வரம்பு, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 2008 உத்தரவின்படி வணிக வாகனங்களுக்கானது. அதைத் தனியார் கார்களுடன் குழப்பிக் கொள்ளக் கூடாது.

தாத்தாவின் பெயரில் இருந்தால்?

குடும்பக் கார்களில் அடிக்கடி எழும் சிக்கல் இது. பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். அதன் பிறகே 29, 30 ஆகிய படிவங்கள் வழியாக வாங்குபவருக்கு மாற்ற முடியும். வாரிசுகள் பலராக இருந்தால் மற்றவர்களின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுவது பாதுகாப்பானது.

கொல்கத்தாவில் வாங்கிய காரைச் சென்னைக்குக் கொண்டுவர விரும்புவோர், படிவம் 28-ல் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பழைய கையெழுத்துப் பதிவேட்டில் உள்ள விவரங்கள் வாகன் இணையதளத்தில் ஏறியுள்ளனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்து கொள்ள வேண்டும்.

பளபளப்பின் அடியில்

ஆவணங்கள் சரியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது துரு. ஈரக்காற்றும் மழைக்காலத்தில் தேங்கும் நீரும் கொல்கத்தா கார்களின் அடிப்பகுதியை அரிக்கின்றன. மோரிஸ் மைனர் வகைக் கார்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. எனவே தரைத் தகடு அரித்திருந்தால் காரின் வலிமையே குறைந்துவிட்டது என்று பொருள். ஹெரால்டில் தனிச் சேசிஸ் இருப்பதால் மேற்பகுதியைப் பிரித்து வேலை செய்ய முடியும். ஆனால் அந்தச் சேசிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

டிங்கர் வேலையைத் தவிர்த்து, பட்டி பூசி மறைத்த இடங்களைக் கண்டுபிடிக்கச் சிறிய காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் கதவின் கீழ்ப்பகுதியில் ஒட்டாமல் நழுவினால், அங்கே தகடு இல்லை அல்லது பட்டி தடிமனாக உள்ளது என்று கொள்ளலாம். பட்டியின் மேல் பூசிய வண்ணம் சில மழைக்காலங்களில் வீங்கி உரியத் தொடங்கும்.

எரிபொருளும் கவனத்துக்குரியது. 2000-ல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட பழைய இன்ஜின்களில், வால்வு இருக்கைகள் அதனால் விரைவாகத் தேயலாம். இப்போது விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் பாதிக்கக் கூடும். இவை மாற்றப்பட்டுள்ளனவா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். உதிரிபாகங்களுக்குக் கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும், சென்னையில் புதுப்பேட்டையும் நீண்ட காலமாகப் பெயர் பெற்றவை.

விலையை யார் முடிவு செய்வது?

இத்தகைய கார்களுக்கு அதிகாரப்பூர்வ விலைப்பட்டியல் கிடையாது. காப்பீட்டிலும் ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. ஆகவே செய்த வேலைகளின் படங்களும் ரசீதுகளும் விலையை நியாயப்படுத்தும் சான்றாகின்றன. அவற்றைக் காட்ட முடியாத விற்பனையாளர் கேட்கும் கூடுதல் தொகை, பெரும்பாலும் வண்ணத்துக்கான விலையே.

சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுச் சான்றிதழ் ஆகிய மூன்றும் ஒத்துப் போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து அடிப்பகுதி, கடைசியாக வண்ணம். இந்த வரிசையில் பார்ப்பவருக்கு ஏமாற்றம் குறையும். விற்பவருக்கும் இதில் நன்மை உண்டு: ஆவணங்களைச் சீராக்கிய பின் கைமாறும் கார், பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும்.