தொப்பியும் புல்வாயும்

காந்திபுரத்தில் டவுன் பஸ்சுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம், டீக்கடை டி.வி.யில் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளி ஓடிக்கொண்டிருந்தது. கறையான் புற்றின்மேல் ஏறி நின்று ஒரு விலங்கு சுற்றிலும் பார்க்கிறது. செம்பழுப்பு உடல், தொடையில் மை கொட்டினாற்போல் கருநீலத் திட்டு. ‘டோப்பி’ என்று பெயர் சொன்னார்கள். டீ ஆற்றியவர் சிரித்தார்: “தொப்பியா? மானுங்க அது.”

சசூர் பேசிய குறிப்பானின் தற்செயல்தன்மையை நம் இலக்கணம் இடுகுறி என்று சொல்லும். சுவாஹிலி வழி வந்த அந்தப் பெயருக்கும் நம் தலையில் ஏறிய தொப்பிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. என்னை உறுத்தியது ‘மான்’தான். மானின் கொம்பு கிளைவிடும். வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். டோப்பியின் கொம்பு எலும்பின்மேல் உறை போட்டது, கிளைக்காது, உதிராது. மாடும் ஆடும் அதற்குப் பங்காளிகள். இதைச் சொன்னபோது டீக்கடைக்காரர், “ரெண்டும் புல்லுதானுங்களே திங்குது” என்றார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

அந்த வம்சத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் உண்டு. சத்தியமங்கலம் காட்டில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மேய்கிற முறுக்குக் கொம்பன். இன்று வெளிமான் என்கிறோம். தொல்காப்பிய மரபியல் புல்வாய் என்று தனியே பிரித்து, அதன் ஆணை இரலை, கலை என்கிறது. புல்வாய் என் காதுக்குக் காரணப்பெயராகவே ஒலிக்கிறது: புல்லும் வாயும். எல்லாவற்றையும் ‘மான்’ என்று மொத்தமாக்கியபோது பெயரிலிருந்து புல் போய்விட்டது.

நிலத்திலிருந்து புல் போன கதையில் நிஜமாகவே ஒரு தொப்பி வருகிறது. சோலாத் தொப்பி. நீரில் வளரும் நெட்டித் தண்டைச் சீவிச் செய்தது. தஞ்சாவூரில் கைவினை செய்கிறார்களே, அதே நெட்டி. அதை மாட்டிக்கொண்டு துரைமார் வேட்டையாடியது பழைய கதை. துப்பாக்கியைவிட அவர்களுடைய வருவாய்ப் பேரேட்டைத்தான் நான் பெரிய ஆயுதமாகப் பார்க்கிறேன். வரி தராத வெளி அதில் ‘தரிசு’. நிலத்துக்கே குல்லா போட்டுவிட்டார்கள்.

தொப்பி போயிற்று, பேரேடு இருக்கிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்தது. அது மேய்கிற புல்லுக்கு அப்படியோர் அட்டவணை இல்லை. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பில் முட்புதர் நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு வகைகளே. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே மரம் நடலாம், ஆலை கட்டலாம், கேட்பாரில்லை. விறகுக்கென்று பரப்பிய சீமைக்கருவேலம் மாயாற்றிலும் கோடியக்கரையிலும் வெளிமானின் மேய்ச்சலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிறார்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல். மழை ஏமாற்றினாலும் மாடு பிழைக்கிற ஏற்பாடு. “சும்மா கெடக்குதுங்கறாங்க. அது எங்கீங்க சும்மா கெடக்குது?” என்று கேட்டார் ஒருவர். அதையும் நாம் புனிதப்படுத்திவிட வேண்டாம். வேலி யாருடையது, உள்ளே மாடு மேய்ப்பவர் எந்தத் தெருக்காரர் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.