சாம்பல்நிறக் கடல்நாய்

கடல்நாய் மீனன்று, குட்டிக்குப் பாலூட்டி வளர்க்கும் பிராணியே. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பார்ன் தீவுகளில், சாம்பல்நிறக் கடல்நாய்கள் இலையுதிர்காலத்தில் கரையேறி, வெண்மயிர் போர்த்த குட்டியை ஈனுகின்றன. தாயானது ஏறக்குறைய 18 நாள் இரைகொள்ளாமலே, பாதிக்குமேல் கொழுப்பாயுள்ள பாலை ஊட்டும். ஈன்றபோது 14 கிலோகிராம் இருந்த குட்டி 40 கிலோகிராமுக்கு மேற்பட, தாயோ மெலிந்து, அதைத் தனியே விட்டுக் கடல் சேரும். குட்டி வெண்மயிர் உதிர்த்து, சில வாரம் பசித்திருந்து, கற்பிப்பாரின்றித் தானே நீந்தி இரைதேடும்.

கரையில் ஒதுங்கிய இந்நாட்களில் வேட்டைக்காரருக்கு இவை எளிதில் அகப்பட்டன. ஆதலின் 1914-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம், அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை இவற்றைக் கொல்லலாகாதெனச் சட்டம் வகுத்தது. இன்று அந்நாட்டுக் கரைகளில் இவை லட்சத்துக்கு மேல் வாழ்கின்றன. வலியவர் கை ஓங்காதிருப்பின் எளிய உயிர்கள் தழைக்குமென்பதை நாம் இதனால் அறிகிறோம்.