எம்பிஏவா, பிஎம்பியா?

டீம் லீடாக ஐந்தாறு வருடம் ஓட்டியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஃபீஸை மட்டும் ஒப்பிட்டால் பதில் கிடைக்காது. இரண்டும் வேற வேற சரக்கு.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழான பிஎம்பியை அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு 1984 முதல் கொடுக்கிறது. பரீட்சை எழுதவே, பிஇ மாதிரி நாலு வருட டிகிரி என்றால், 36 மாதம் ப்ராஜெக்ட் நடத்திய அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் காட்டணும். அதாவது, ஏற்கெனவே செய்கிற வேலைக்கு ஒரு முத்திரை. அதையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பிடியு புள்ளி சேர்த்து, பணம் கட்டிப் புதுப்பிக்கணும்.

எம்பிஏவுக்கு அந்தத் தொல்லை இல்லை. (ஐஐஎம்கள் 2017 சட்டம் வரும்வரை டிப்ளமாதான் கொடுத்தன. வேலை கொடுத்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை!) 'எப்போ முடியும்?' என்பது ப்ராஜெக்ட் மேனேஜரின் கேள்வி. 'இதைச் செய்யத்தான் வேணுமா?' என்று கேட்கிற நாற்காலிக்குப் போகத்தான் எம்பிஏ. ஆனால் முழுநேரப் படிப்பில் ஃபீஸோடு இரண்டு வருடச் சம்பளமும் போகும். நாற்பது வயதில், வீட்டுக்கடன் இஎம்ஐ ஓடும்போது அது விளையாட்டில்லை.

டெலிவரியிலேயே இருக்கப்போகிறீர்களா? பிஎம்பி எழுதுங்க. ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் என்று துறையே மாறணும்னா எம்பிஏ, அதுவும் முப்பதை ஒட்டி. வார இறுதி எம்பிஏவில் பாடம் கிடைக்கும். கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்டை எதிர்பார்க்காதீங்க.