இஞ்சின் சொல்வதைக் கேட்க ஒரு கருவி

கொழும்பில் கராஜ் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கும், சாதாரண தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த முறை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் நாலு பேராக அறை எடுத்துத் தங்கி பஞ்சிகாவத்தைப் பக்கம் வேலை செய்கிறவர்கள், வெள்ளவத்தையில் கராஜிலேயே படுத்துக்கொள்கிறவர்கள் என்று நம்ம தோட்டப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். நாலைந்து வருஷம் போனாலும் பலருக்கு சக்கரம் கழற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும்தான் வேலை. பாஸ் கையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை வாகனத்தில் சொருகிப் பார்த்துவிட்டு, "சென்சர் போய்விட்டது, மாத்துங்க" என்பார். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நம்ம பையனுக்குத் தெரியாது. சில இடங்களில் பாஸுக்கும் தெரியாது.

அந்தப் பெட்டியைப் பாகங்கள் வாங்கி நாமே பூட்டலாம். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் படித்த, ஈயம் பற்றவைக்கக் கை பழகிய பிள்ளைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய வாகனத்தில் எவ்வளவு பெற்றோல் பாய வேண்டும், எந்த நேரத்தில் பொறி அடிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. கராஜில் அதை ஈசியூ என்பார்கள். இஞ்சினில் அங்கங்கே இருக்கும் சென்சர்கள் சூடு, காற்று, சுற்று எல்லாவற்றையும் அதற்கு அறிவிக்கின்றன. வருகிற கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ மஞ்சள் விளக்கை எரியவிடும். கூடவே ஒரு இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளும். கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறித்து வைக்கிற மாதிரிதான். நாம் செய்யப்போகும் கருவி அந்த செக்ரோலைத் திறந்து படிக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு சொக்கட், ஒவ்வொரு இலக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்கள்தான் இதை ஒழுங்குபடுத்தின. 1996 முதல் அமெரிக்காவில் விற்கிற எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான 16 முனைச் சொக்கட் கட்டாயம் ஆனது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் வந்தது, இந்தியாவில் 2013இல் வந்தது. இலங்கைக்கு வருகிற வாகனங்கள் அதிகமும் ஜப்பானில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வருபவை. ஜப்பான்காரர் தங்கள் நாட்டுக்குள் ஓட்டச் செய்த பழைய கார்களில் சொக்கட் அதே அச்சாக இருக்கும், ஆனால் சில கார்கள் பொதுப் பாஷையில் பதில் சொல்லாது. அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டால் கருவி பிழை என்று நினைத்து உடைத்துவிட வேண்டாம்; வேறொரு வாகனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முந்திய டொயோட்டா கார்கள் கொழும்பில் இன்னும் ஓடுகின்றன. பொனெட்டைத் திறந்தால் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் டிஈ1, ஈ1 என்று குறித்த இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் மஞ்சள் விளக்கு மின்னும். நிறுத்தி நிறுத்தி மின்னுவதை எண்ணினால் இரண்டு இலக்க எண் கிடைக்கும். ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தால் பிழை ஒன்றும் பதியவில்லை. அங்கே கருவி என்பது ஒரு துண்டு வயர் மட்டும்தான்! முனை மாறிப் போட்டால் ஈசியூ கருகிவிடலாம், எழுத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அதனால் பழைய முறை தெரிந்த பிள்ளைக்கும் வேலை இருக்கிறது.

இனி 16 முனைச் சொக்கட்டுக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராகப் பாருங்கள். 4, 5 ஆம் முனைகள் எர்த். 16 ஆம் முனை பற்றரியின் பொசிட்டிவ். சாவியை எடுத்தாலும் அதில் எப்போதும் கரண்ட் இருக்கும். 7 ஆம் முனையில் உலோகம் இருந்தால் அது கே லைன் என்ற ஒற்றை வயர். 6இலும் 14இலும் உலோகம் இருந்தால் அது கான் என்ற புதிய முறை, இரட்டை வயர். எந்தத் துளையில் உலோகம் இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிட் வாங்கப் போக வேண்டும். கடைக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

படிக்கிறவனுக்கு கே லைன் கிட் நல்லது, ஏனென்றால் அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய பாகங்கள் குறைவு: எல் 9637 என்ற எட்டுக் கால் சிப் ஒன்று, கணினியின் யூஎஸ்பியோடு பேச எஃப்டி 232 பலகை ஒன்று, 510 ஓம் ரெசிஸ்டர், இரண்டொரு கப்பாசிட்டர், ஒரு டயோட், 1 அம்பியர் பியூஸ், 16 முனைப் பிளக். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரிக்கலாம், கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்தே போகிற தூரம். பியூஸை மிச்சம் பிடிக்க வேண்டாம். அது 16 ஆம் முனையில் இருந்து வருகிற வயரில், பிளக்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் எங்காவது எர்த்தில் உரசினால் காரின் பற்றரி முழுப் பலத்தோடு அதில் பாயும்.

கே லைன் சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டில் நிற்கும். 510 ஓம் ரெசிஸ்டர்தான் அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. பேச வேண்டியவர் அதைக் கீழே இழுத்து இழுத்து விடுகிறார். ஒரே வயரில் இரண்டு பக்கமும் பேசுவதால், நாம் அனுப்பியது நமக்கே திரும்பி வரும். முதல் தடவை பார்க்கிறவன் கார் பதில் சொல்கிறது என்று துள்ளிக் குதிப்பான். அது தன் குரல்தான். ஆனால் இதையே நாம் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கருவியைக் காரில் போடாமல் மேசையில் 12 வோல்ட் பற்றரியோடு இணைத்து, கணினியில் ஒரு எழுத்தை அடித்தால் அதே எழுத்து திரும்பி வர வேண்டும். வந்தால் ஈயம் பிடித்திருக்கிறது. வராவிட்டால் மல்டிமீற்றரை எடுத்து 7 ஆம் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே இருந்து ஒவ்வொரு மூட்டாக வர வேண்டும். மேசையில் சரிவராத கருவியைக் காரில் சொருகக் கூடாது. ஈயம் பிடித்த கையோடு சாப்பிடவும் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

காரோடு பேச்சை ஆரம்பிக்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு தப்பு அடித்துக் கூப்பிடுவார்கள் அல்லவா, அப்படித்தான் இதுவும். கணினி முதலில் விநாடிக்கு 5 தட்டு என்ற மிக மெதுவான வேகத்தில் ஒரு விலாசத்தைத் தட்டும். அதற்கே 2 விநாடி போகும். ஈசியூ அதைக் கேட்டு விழித்ததும் விநாடிக்கு 10,400 என்ற வேகத்தில் பதில் சொல்லத் தொடங்கும். இந்த வேலையைச் செய்ய ஃப்ரீடயக் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. பழைய லப்டொப் போதும்.

இஞ்சின் சூடு எவ்வளவு என்று கேட்க 01 05 என்று அனுப்புவோம். 41 05 82 என்று பதில் வந்தால், கடைசி எண்தான் சூடு. இது பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு. 8 தரம் 16 என்றால் 128, அதோடு 2 சேர்த்தால் 130. அதில் 40 கழித்தால் 90. தண்ணீர் 90 பாகையில் இருக்கிறது. நாற்பதைக் கழிப்பது ஏன்? குளிர் நாடுகளில் சூடு பூச்சியத்துக்குக் கீழே 40 வரை போகலாம், அதையும் சைபரில் இருந்து எண்ணுவதற்காக. இதை ஒரு தடவை கையால் கணக்குப் போட்ட பிள்ளை அப்புறம் எந்தக் கருவியைப் பார்த்தும் மிரளாது.

கான் முறை உள்ள புதிய கார்களுக்கு வேறு கிட் வேண்டும். ஆர்டுயினோ பலகையோடு எம்சிபி 2515 பலகையைப் பூட்டுகிறார்கள். அதில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பலகையில் இருக்கும் பளிங்கு பெரும்பாலும் 8 மெகாஹேர்ட்ஸ், புரோகிராமில் 16 என்று இருந்தால் ஒன்றும் வராது. அடுத்தது, 120 ஓம் இணைப்பை எடுத்துவிட வேண்டும், காரின் வயரில் ஏற்கனவே இரண்டு இருக்கின்றன.

சரி, இலக்கம் வந்துவிட்டது. இங்கேதான் காசு போகிற இடம்.

நம்ம பக்கத்தில் ஹயர் ஓடுகிற சின்னப் பெற்றோல் கார் ஒன்றில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொழும்பில் ஒரு கராஜில் பி 0171 என்று இலக்கம் காட்டியது. ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது என்று மாற்றினார்கள். சென்சருக்கும் கூலிக்கும் கொடுத்த காசு அந்த வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. கடைசியில் பார்த்தால் காற்றுக் குழாயின் ரப்பர் வெடித்திருந்தது. பி 0171 என்ற இலக்கம் சென்சர் பழுது என்று சொல்லவே இல்லை. "பெற்றோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது" என்றுதான் சொன்னது. உண்மையைச் சொன்ன சென்சரைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

இந்த இலக்கத்துக்கு ரப்பர் வெடிப்பும் காரணமாகலாம், பெற்றோல் பம்ப் பலவீனமும் காரணமாகலாம், அடைபட்ட பில்டரும் காரணமாகலாம். பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஈசியூ எத்தனை வீதம் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றுகிறது என்பதைக் கருவியிலேயே பார்க்கலாம். பியூவல் ட்ரிம் என்பார்கள். சும்மா ஓடும்போது அது கூடுதலாக இருந்து, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கிவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது. சுற்று ஏற ஏற அதுவும் ஏறினால் பெற்றோல் போதவில்லை. ஐந்து நிமிஷ வேலை, சாமான் செலவு இல்லை.

பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. உடனே கொயில் வாங்க ஓட வேண்டாம். முதலாவது கொயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, பழைய இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு அழித்து, ஓட்டிப் பாருங்கள். இலக்கம் பி 0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கையோ இஞ்செக்டரையோ பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று பட்டு நிற்கிற வாகனங்களில் சென்சர் சொக்கட் முனைகள் பச்சையாகக் களிம்பு பிடித்திருப்பதும் உண்டு; துடைத்தாலே போதும் என்ற நிலை பல தடவை இருக்கும்.

ஹைபிரிட் கார்களில் இலக்கம் படிக்கலாம், ஆனால் செம்மஞ்சள் வயர் எதையும் தொடக் கூடாது. பிரியஸ் காரின் பெரிய பற்றரி 200 வோல்ட்டுக்கு மேல். அதற்கென்று பயிற்சி எடுத்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

"ஐயா, ரெடிமேட் புளூடூத் கருவி மலிவாகக் கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அவற்றில் பெரும்பாலானவை எல்ம் 327 என்ற சிப்பின் போலிகள். கனடாவின் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் அதை 2005இல் கொண்டுவந்தது, 2022இல் கம்பனியையே மூடிவிட்டது. போலிகளில் பல 1.5 பதிப்பு என்று காட்டும்; அந்தக் கம்பனி அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. இருந்தாலும் அன்றாட வேலைக்கு அது உதவும், வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது "இணைப்பு இல்லை" என்று காட்டினால், வாங்கி மட்டும் பழகியவன் அங்கேயே நிற்பான். கையால் பூட்டியவன் 16இல் கரண்ட் இருக்கிறதா, 4இல் எர்த் இருக்கிறதா என்று மீற்றரை வைப்பான். கராஜில் சக்கரம் கழற்றும் பையனுக்கும் வாகனத்தைப் பார்க்கச் சொல்லி பாஸ் கூப்பிடும் பையனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், சம்பளத்திலும் தெரியும்.

சான்றிதழ் இல்லை என்று மனம் தளர வேண்டாம். மொரட்டுவை ஜேர்மன் டெக்கில் இடம் கிடைத்தால் நல்லது, அதற்குப் போட்டி அதிகம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றிலும் மோட்டார் தொழில் படிக்கலாம். ஏற்கனவே கராஜில் வேலை செய்கிறவர்கள், கற்ற தொழிலைக் காட்டி மதிப்பீட்டுக்கு முகம் கொடுத்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கிற வழியும் இருக்கிறது. அதற்கு வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். அதனால் ஒரு சி.ஆர். கொப்பியில் வாகன வகை, வந்த இலக்கம், பார்த்த சோதனை, கடைசியில் என்ன பழுது என்று பிள்ளை திகதி போட்டு எழுதி வரட்டும். அவன் அனுப்புகிற காசோடு இதையும் விசாரியுங்கள்.

தீபாவளிக்கு ஊர் வரும்போது கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்றழுத்த சென்சரின் எண்ணைக் கேட்டால் கொழும்பில் 101 அளவில் காட்டும். அதே கார் நுவரெலியாவில் 80க்குச் சற்று மேலேதான் காட்டும், மலையில் காற்று அவ்வளவு மெலிசு. கொழும்பில் மட்டும் வேலை பார்த்தவர் அந்த எண்ணைப் பார்த்து சென்சரை மாற்றச் சொன்னாலும் சொல்லுவார். நம்ம பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும்.