நோட்டு அடித்தால் கடன் தீருமா?

ஒன்பதாம் வகுப்பில் ‘பணம் மற்றும் கடன்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இலங்கை நெருக்கடியைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். “சார், அவங்களே நோட்டு அடிச்சுக் கடனைக் கட்டிட வேண்டியதுதானே?” வகுப்பு சிரித்தது. ஆனால் பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

இலங்கை தன் ரூபாயை அச்சிடலாம். டாலரை அச்சிட முடியாது. பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து, காகிதம் ஆகியவற்றை இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். தேயிலை, ஆடை ஏற்றுமதி, சுற்றுலா, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகியவை அதைத் தந்தன.

இதை விளக்க எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். “தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணங்கள் நின்றுபோனால் யாருக்கெல்லாம் வருமானம் போகும்?” பூக்கடை, ஆட்டோ, சமையல்காரர், மேளக்காரர் என்று பட்டியல் நீண்டது. கொரோனா காலத்தை அவர்கள் மறக்கவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் இலங்கையின் சுற்றுலாவை அப்படித்தான் முடக்கின.

2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்பால் அரசின் வருவாய் சரிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென விதித்த தடையால் நெல் விளைச்சல் குறைந்தது. கடன் தவணை மட்டும் குறையவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

மாணவன் சொன்னதுபோல ரூபாயையும் அச்சிட்டார்கள். பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் விலைதான் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 விழுக்காடு. அதாவது, முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப்பொருள் 195 ரூபாய்.

மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்? எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் காத்திருந்தார்கள். பிறகு கியூஆர் குறியீட்டு முறையில் வாரந்தோறும் அளவாக எரிபொருள் வழங்கப்பட்டது. நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு எரிந்தது. பலர் மிதிவண்டிக்கு மாறினார்கள். வீட்டுத்தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தரப்பட்டது. காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. சிலர் குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்து மண்டபம் முகாமில் தங்கினார்கள். தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசி, பால்பவுடர், மருந்துகளுடன் முதல் கப்பல் 2022 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது.

இப்பாடத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவுப் பட்டியல் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி வெற்றுத் தாளை நீட்டினாள். தனியாகக் கேட்டபோது, “குழுக்கடன் தவணை கட்ட முடியல சார், அம்மா கம்மல் அடகுல இருக்கு. அதை எப்படி எழுதறது?” என்றாள். இலங்கையில் நடந்ததாக நான் சொல்லிக்கொண்டிருந்தது அவள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் கற்பனைக் குடும்பம் ஒன்றையே வகுப்புக்குத் தருகிறேன். மாத வருமானம் 12,000 ரூபாய். திடீரென எல்லா விலையும் இரு மடங்கு. எதை விடுவது, எதை விடக் கூடாது என்று குழுக்களாக முடிவு செய்கிறார்கள். பெரும்பாலான குழுக்கள் முதலில் கைவைப்பது நோட்டுப்புத்தகச் செலவில்தான். அங்கே நிறுத்திக் காரணம் கேட்கிறேன்.

நம் வகுப்புகளில் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்க வேண்டாம். அவர்களே பேச முன்வந்தால் கேட்போம்.

அந்த மாணவி குழு விவாதத்தில் அன்று ஒரே ஒரு வரி பேசினாள்: “கடன் வாங்கறதுக்கு முன்னாடி, எதுலேருந்து திருப்பிக் கட்டப்போறோம்னு எழுதிப் பார்க்கணும்.” நாட்டுக்கும் வீட்டுக்கும் பொதுவான அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்தேன்.