வேப்பங்கதிரையும் யோகட் கரண்டியும்

ஒருமுறை பாவித்து எறியப்படும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றோடு இடியப்பத் தட்டையும் சேர்த்து இலங்கை அரசாங்கம் 2023 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் தடைசெய்த பின்னர், ஓட்டமாவடிக் கடைகளிலே யோகட்டுடன் நீட்டப்படுவது மெல்லியதொரு மரக்கரண்டி. பிளாஸ்டிக் போய் மரம் வந்ததென்று சந்தோஷிப்பது நியாயமே. எனினும், மரமென்ற பெயர் மாத்திரத்தாலே ஒரு பொருள் புனிதமாகிவிடாது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையச் சரிபாதி, அது உயிரோடு நின்ற காலத்திலே காற்றிலிருந்து கிரகித்துக்கொண்ட காபனேயாகும்; ஆகவே, 10 கிலோ எடையுள்ள வேப்பங்கதிரை ஒன்று சுமார் 18 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடான காபனைத் தன்னுள்ளே சிறைவைத்திருக்கிறது. கதிரை எரியும்வரையில், அல்லது உக்கும்வரையில், அவ்வாயு ஆகாயத்தை அடைவதில்லை. பேரப்பிள்ளைகளும் உட்காரும் கதிரைக்கும், இரண்டு நிமிஷத்தில் நக்கி எறியப்பட்டுக் குப்பைத்தீயிலே முடியும் கரண்டிக்கும் உள்ள பேதம் இதுதான்.

பாலையும் முதிரையும் கருங்காலியும் உறுதியில் நிகரற்றவை. ஆயினும், மழை குறைந்த இப்பிரதேசத்திலே மிக மந்தமாக வளர்பவையாதலால், ஒரு தலைமுறை தறித்ததை அடுத்த தலைமுறை மீண்டும் காண்பது அரிது. சிங்களவர் அல்மில்ல என்னும் மரமோ, திருகோணமலை மரமென்று கீர்த்திபெற்று, முற்காலத்திலே சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குக் கப்பலேறிச் சென்றது. இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பதை அரசாங்கம் 1990இல் நிறுத்திவிட்டது; சற்றுத் தாமதித்த விவேகமென்றே சொல்லவேண்டும். இன்று நாட்டின் மரத்தேவையிற் பெரும்பகுதியை வீட்டுத்தோட்டங்களும், இறப்பர், தென்னைத் தோட்டங்களுமே பூர்த்திசெய்கின்றன. பால் வற்றியதும், அதாவது 25, 30 வருஷங்களுக்குப் பின், தறிக்கப்பட்டு முன்னர் விறகாய்ப்போன இறப்பர் மரம், பூச்சியும் பூஞ்சணமும் அணுகாதபடி போரன் உப்புக்களால் பதப்படுத்தப்பட்டு, இப்போது தளபாடமும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுமாகிறது. நம்முடைய வளவுகளிலோ வேம்பிருக்கிறது: விரைந்து வளர்வது, நிழல் தருவது, இயல்பாகவே பூச்சிக்கு எளிதில் இரையாகாதது.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த மலிவான அலுமாரிகள் வாவிக்கரையின் ஈரத்தில் ஊதிப்போனால், அவற்றைச் சீர்செய்ய எந்த ஓடாவியாலும் இயலாது. எனவே, மரக்காலைக்குச் செல்வோர் விலையோடு வேறு மூன்றையும் விசாரிப்பது நலம்: மரம் எங்கே நின்றது, எவ்வளவு காலம் காய்ந்தது, மூட்டு மரநாக்கைத் துளையிற் செருகியதா, வெறும் ஆணியடித்ததா? நல்ல ஓடாவி இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் அடுத்த மரக்காலைக்குப் போய்விடலாம்.